நடக்க முடிந்தவர்கள்

எனக்கு எத்தனை முறை மாரடைப்பு வந்திருக்கிறது என்று கேட்டால் எனக்கே கணக்குத் தெரியாது. மலாக்கா டவுனில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக நடிப்பது என் வேலை. மாரடைப்பு வரும், குடல்வால் வீங்கும், ஆஸ்துமா இழுக்கும். சில நாள் காலையில் இனிப்புநீர் வியாதி, மத்தியானம் மனச்சோர்வு. நாளைக்கு டாக்டராகப் போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். கையைக் கழுவுவார்கள், பெயரைச் சொல்வார்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். நான் சொல்வேன். மணி அடிக்கும். அவர் போய் அடுத்தவர் வருவார். நான் மறுபடியும் முதலிலிருந்து வலிக்க ஆரம்பிப்பேன்.

புக்கிட் ரம்பாயில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண் அந்தக் கல்லூரியில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தாள். "சும்மா படுத்திருந்தா போதும்லா அக்கா, அதுக்கே சம்பளம்" என்று அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். சும்மா படுத்திருப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாள் நான் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சுரிதாராக எடுத்துப் போட்டுக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் பூசி, பொட்டு வைத்து, காதில் ஜிமிக்கியோடு போய் நின்றேன். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண் டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோலாலம்பூர்த் தமிழர். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். "ஆண்ட்டி, கல்யாணத்துக்கா கெளம்பிட்டீங்க? நீங்க ஹார்ட் அட்டாக் பேஷண்ட்" என்று சிரித்துவிட்டு, என்னைக் கழிவறைக்கு அனுப்பினார். பவுடரைக் கழுவினேன். முடியைக் கலைத்துவிட்டார்கள். ஒரு ஊழியர் செடிக்குத் தெளிக்கிற போத்தலால் என் நெற்றியிலும் கழுத்திலும் தண்ணீர் அடித்து வியர்வை வரவழைத்தார். நெஞ்சின் நடுவில் மடக்கிய கை முட்டியை அழுத்திக்கொள்ள வேண்டும், மூச்சை அரைகுறையாக விட வேண்டும், பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் எட்டு என்று சொல்ல வேண்டும். எல்லாம் வந்துவிட்டது. சிரிக்காமல் இருப்பதுதான் வரவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட யாராவது எதையாவது கேட்டால் என் வாய் தானாகச் சிரித்துவிடும். அதை நிறுத்தவே பல நாள் பிடித்தது.

அது என் தனிப்பட்ட கோளாறு இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் உள்ளது. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, டிரெஸ்ஸர்தான். மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் அவர்தான்; இன்றைக்கு உனக்கு உடம்பு சரியில்லையா இல்லையா என்று முடிவு செய்வதும் அவர்தான். ரப்பர்பால் நாற்றத்தோடு போய் நின்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குளித்துவிட்டு வா என்று விரட்டுவார். முனகினால், வேலைக்கு டிமிக்கி கொடுக்க வந்திருக்கிறாய் என்பார். அதனால் எங்கள் அம்மா காய்ச்சலில் கிடக்கிற எங்களைக் கூட எழுப்பிக் குளிப்பாட்டி, தலைசீவி, பவுடர் போட்டுத்தான் கூட்டிப் போவார். அங்கே போய் வாயைத் திறக்காதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், சிரித்த முகமாக இரு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். டிரெஸ்ஸர் போய்ச் சேர்ந்தார், தோட்டமும் வீட்டு மனைகளாகிவிட்டது. எங்கள் பவுடர் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மெர்லிமாவிலோ ஜாசினிலோ எந்தக் கிளினிக்கிலும் போய்ப் பாருங்கள். இருப்பதிலேயே பளிச்சென்று உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண்தான் அங்கே அதிகம் சீக்கானவள்.

எனக்கு ஒரே தங்கை. மெர்லிமாவில் இருந்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை. அவள் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். ஒருமுறை கல்லூரியும் ராணுவத்தின் மருத்துவப் பிரிவும் சேர்ந்து ஒரு திடலில் பெரிய பயிற்சி வைத்தார்கள். பஸ்ஸும் எண்ணெய் லோரியும் மோதிக்கொண்டதாகக் கதை. அடிபட்டுக் கிடக்க நிறைய ஆள் தேவைப்பட்டது. தெரிந்தவர்களைக் கூட்டிவாருங்கள் என்று மேடம் சொன்னதால் நான் தங்கையையும், பழைய தோட்டத்துப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு போனேன்.

மெழுகால் காயம் செய்து ஒட்டி, சிவப்புச் சாயம் கலந்த சிரப்பை ஊற்றிவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, பார்க்கவே குலை நடுங்கியது. ஒருத்திக்குத் தொடை எலும்பு வெளியே தெரிந்தது. என் தங்கைக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, எழுந்து நிற்கவே முடியாது என்று கழுத்தில் அட்டை கட்டியிருந்தார்கள். இதையெல்லாம் மலாயிலும் தமிழிலும் தெளிவாகச் சொல்லித்தான் எங்களைப் புல்லில் படுக்க வைத்தார்கள்.

பெரிய விபத்தில் ராணுவ வைத்தியம் செய்கிற முதல் வேலை, நடக்கக்கூடியவர்களைத் தனியாகப் பிரிப்பது. நடக்க முடிந்தால் பச்சை. பச்சை காத்திருக்கலாம். மிச்சமிருப்பவர்களில் கொஞ்சம் பொறுக்கக்கூடிய மஞ்சள் யார், உடனே கவனிக்க வேண்டிய சிவப்பு யார் என்று பிறகு பார்ப்பார்கள். நல்ல முறைதான், நான் குறை சொல்லவில்லை. யூனிபார்ம் போட்ட ஓர் அதிகாரி நடுத்திடலில் நின்று, "யாங் போலே ஜாலான், பெர்கி சானா" என்று கத்தினார். நடக்க முடிந்தவர்கள் அந்தப் பக்கம் போங்கள் என்று கையைக் காட்டினார்.

எங்கள் பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

தொடை எலும்பு வெளியே தெரிந்தவள் முதலில் எழுந்தாள். பின்னால் தலை பிளந்தவள், குடல் சரிந்தவள், ஒருவர் பாக்கியில்லை. புல்லைத் தட்டிவிட்டு, உடையைச் சரிசெய்துகொண்டு, பச்சைத் துணி விரித்திருந்த பக்கமாக வரிசையாக நடந்தார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில், பெயர் கூப்பிடும் கிராணி முன்னால் எப்படிப் போய் நிற்போமோ அப்படி. யூனிபார்ம் போட்டவன் சத்தம் போட்டால் எழுந்து நடக்க வேண்டும் என்பது எங்கள் காலுக்கே தெரியும், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அவ்வளவுதான் நடிப்பு. படுத்துக் கிடந்தது நான் ஒருத்திதான், கல்லூரியில் பழகியதால்.

திடலே சிரித்தது. மாணவர்கள் சிரித்தார்கள், ராணுவப் பையன்கள் சிரித்தார்கள், மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும்தான் சிரித்தேன். எல்லோரையும் மறுபடி படுக்க வைத்து மறுபடி தொடங்கினார்கள். வீட்டுக்குப் போகும்போது தங்கை கேட்டாள்:

"அவரு போகச் சொன்னாரு, போனோம். அதுல என்னக்கா தப்பு?"

"நீ செத்துக்கிட்டு இருக்கடி. எந்திரிக்கக் கூடாது."

"ஐயோ, அவ்ளோ பேரு பாக்குறாங்க. பொம்பள எப்படிக்கா பப்பரப்பான்னு படுத்துக் கெடக்குறது?"

அதற்கடுத்த வருடம் அவள் இறந்துபோனாள். நடந்ததை அவள் வீட்டுக்காரரும் அவளோடு கேண்டீனில் வேலை செய்தவளும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலையில் கேண்டீனில் தாடை வலிக்கிறது என்றிருக்கிறாள். பல்லாக இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாளாம். கொஞ்ச நேரத்தில் நெஞ்சை அடைத்திருக்கிறது. காத்து, வாய்வு என்றாள். மினியாக் ஆங்கின் தைலத்தை வாங்கி நெஞ்சில் தேய்த்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மீகோரெங் நூடுல்ஸ் பிரட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். உடனே கிளம்பினாளா? தைல வாடையோடு டாக்டர் முன்னால் எப்படிப் போவது என்று தலைக்கு ஊற்றிக் குளித்தாள். ஒவ்வொரு செம்புக்கும் நின்று நின்று ஊற்றியிருக்கிறாள், அவருக்கு வெளியே கேட்டிருக்கிறது. பிறகு தீபாவளிக்கு எடுத்த உடுப்பு. பவுடர். பொட்டு. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய், வாசலில் சக்கர நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்ட ஊழியரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே நடந்து உள்ளே போனாள்.

முகப்பில் இருந்த தாதி, "சாகித் அப்பா, காக்?" என்று கேட்டிருக்கிறார். என்ன வலி அக்கா என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். இவள் சிரித்துக்கொண்டே, "ஆங்கின் லா, சிகித் சாஜா" என்றாள். காத்துதான், கொஞ்சம்தான். பச்சைச் சீட்டுக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். காத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மாவின் பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாளாம். கடைசியில் ஓர் இளம் டாக்டர் பார்த்தார். பத்துக்கு எவ்வளவு வலி என்றதற்கு இரண்டு என்று சொன்னாள். இரண்டாம். அவள் இரண்டு பிள்ளை பெற்றவள். எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பத்து என்பது பாடையில் வைத்துத் தூக்கும்போதுதான். வயிற்றுப்புண் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டு, ஐஸ்பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"நல்லாத்தான் நடந்து வந்தாக்கா" என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "பைக்லேர்ந்து அவளாத்தான் எறங்குனா."

உடலைக் குளிப்பாட்டினோம். துடைத்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரம்மா வழக்கம்போல் பவுடர் டப்பாவை எடுத்து அவள் முகத்துக்குப் பூச வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். எல்லோரும் துக்கத்தில் செய்கிறேன் என்று நினைத்தார்கள். துக்கம் பிறகுதான் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் இருந்தது முழுக்க ஆத்திரம். வருடக்கணக்காக அதே நோயை ஊரான் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கூடப் பிறந்தவள் அதை எப்படிக் கொஞ்சமும் வெளியே காட்டாமல் வைத்துக்கொண்டாள்? பிறகு அந்த டாக்டர் மேல் ஆத்திரம் வந்தது. அவர் எங்கள் கல்லூரியில் படித்தவரா என்று நான் விசாரிக்கவில்லை. ஆமாம் என்று தெரிந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். எடுத்த எடுப்பில் மாரடைப்புதான் கொடுத்தார்கள். போத்தல் வியர்வை, கலைந்த முடி, நெஞ்சில் முட்டி. உள்ளே வந்த மாணவர் என்னைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அடுத்தவரும் கண்டுபிடித்தார். எல்லோரும் மளமளவென்று சரியாகச் செய்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்து அறையில் ராணுவத்தில் இருந்து வந்திருந்தவர்கள் பொம்மையோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மூச்சு விடும், கண் சிமிட்டும், கால் துண்டான இடத்தில் ரத்தம் பீய்ச்சி அடிக்கும் பொம்மை. அது செத்தால் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டுவார்கள், மறுபடி நாடி துடிக்க ஆரம்பிக்கும். அந்தப் பொம்மைகூட வலிக்கிற இடத்தில் வலிக்கிறது என்று கத்துகிறது.

அன்றைக்கு வேலை முடிந்ததும் மேடத்திடம் போனேன்.

"மேடம், இந்த ஹார்ட் அட்டாக் கேஸை நான் வேற மாதிரி செய்யவா? குளிச்சு, நல்லா உடுத்தி, சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கேட்டா காத்துன்னு சொல்றேன். வலி ரெண்டுன்னு சொல்றேன்."

அவருக்கு என் தங்கை விஷயம் தெரியும். சாவுக்கு வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்ட்டி, அப்படி செஞ்சா யாருமே பாஸ் ஆக மாட்டாங்க."

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன்."

"எக்ஸாம்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும் ஆண்ட்டி. பேஷண்ட் க்ளூ குடுக்கணும்லா. ஒன்னுமே காட்டலன்னா எப்படி மார்க் போடறது?"

"என் தங்கச்சியும் ஒன்னுமே காட்டலயே மேடம்."

மேடம் கெட்டவர் இல்லை. மேலிடத்தில் பேசி, பரீட்சைக்கு இல்லாவிட்டாலும் பயிற்சிக்காவது வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கினார். நான் சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். குளித்தது, உடுப்பு, தாடை வலி, சிரிப்பு, ரெண்டு. சில வாரங்கள் கழித்து நான் நடிக்க வேண்டிய பாத்திரத்தின் விவரம் அச்சாகி வந்தது. தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அர்த்தம் கேட்டேன். மேடம் கொஞ்சம் தயங்கி, "ஒத்துழைக்காத நோயாளி" என்றார்.

என் தங்கையா ஒத்துழைக்கவில்லை? உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போனாள். சாகும்வரை அவளைப்போல் ஒத்துழைத்தவள் அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வேறு யார் இருந்திருப்பார்கள்? தலைப்பை மாற்றுங்கள் என்றேன். அது பாடத்திட்டத்தில் உள்ள வார்த்தை, மாற்ற முடியாது என்றார். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் வேறு யாரையாவது வைத்து நடிக்க வைப்பார்கள். என் தங்கையை எவளோ ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, திமிர் பிடித்தவளாக நடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒத்துக்கொண்டேன். பயிற்சியன்று வீட்டிலேயே குளித்து உடுத்திப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கழிவறைக்கு அனுப்பவில்லை.

முதலில் வந்தது ஈப்போப் பக்கத்துத் தமிழ்ப் பெண். கையைக் கழுவினாள், பெயரைச் சொன்னாள், தமிழிலேயே பேசலாமா என்று கேட்டாள். நான் சிரித்தேன்.

"ஒன்னும் இல்லம்மா. காத்து. வீட்டுக்காரருதான் பயந்துக்கிட்டுக் கூட்டியாந்துட்டாரு."

அவள் முகத்தில் இருந்த பரீட்சைப் பயம் இறங்குவதைப் பார்த்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டாள். ரெண்டு என்றேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "பயப்படாதீங்க ஆண்ட்டி, பாக்க நல்லா ஃபிரெஷ்ஷா இருக்கீங்க" என்று, காரம் குறைக்கச் சொல்லி, வயிற்றுப்புண் மருந்து எழுதி, வீட்டுக்குப் போகச் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

மணி அடித்தது. மேடம் உள்ளே வந்தார். "உன் பேஷண்ட் வீட்டுக்குப் போயி செத்துட்டாங்க" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. எதைக் கேட்கத் தவறினாள், எதைத் தொட்டுப் பார்க்கத் தவறினாள், ஏன் இசிஜி எடுக்கவில்லை என்று மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு மேடம், "சரி, வெளிய போயி திரும்ப வா" என்றார்.

அவள் வெளியே போய்க் கதவைத் தட்டினாள். மறுபடி கையைக் கழுவினாள். இந்த முறை நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சிரித்ததும் அவள் கூடச் சிரிக்கவில்லை.

"ஆண்ட்டி, இங்க வர்றதுக்கு முன்னால குளிச்சீங்களா?"

"ம்."

"குளிக்கும்போது மூச்சு வாங்குச்சா?"

என் தங்கையை யாரும் கேட்காத கேள்வி. எனக்குக் கொடுத்திருந்த விதிப்படி நான் முதலில் மழுப்ப வேண்டும். மழுப்பினேன். அவள் விடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள், வேறு எங்கே வலித்தது, கழுத்திலா, கையிலா என்று கேட்டாள். "தாடை" என்றேன். உடனே எழுந்தாள். படுக்க வைத்தாள், இசிஜி ஒட்டினாள், ஆஸ்பிரின் கொடுத்தாள், பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். எல்லாம் மளமளவென்று நடந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இவ்வளவுதானா? இவ்வளவு கொஞ்ச நேர வேலைதானா இது?

மணி அடித்தது. மேடம் கை தட்டினார். அந்தப் பெண் பசை ஒட்டியிருந்த இடங்களைப் பஞ்சால் பக்குவமாகத் துடைத்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தத் தடவ காப்பாத்திட்டேன்லா ஆண்ட்டி."

"காப்பாத்திட்டம்மா" என்றேன். அவளிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. "வெளிய இப்படி இன்னொரு தடவ கெடைக்காதும்மா" என்றேன்.

"தெரியும் ஆண்ட்டி" என்று தலையாட்டினாள். "எக்ஸாம்ல ஒரே ஒரு சான்ஸ்தான் குடுப்பாங்க."

நல்ல பெண். பாஸாகியிருப்பாள்.